லைசென்ஸ் தொலையவில்லை, வழிதான் மாறிற்று

நெசவாளர் சங்கம் ஒன்றில் தறி நின்றுவிட்டால் அதற்குக் காரணம் கேட்பவர் பலர். நூல் வரவில்லையா, பாவு தீர்ந்துவிட்டதா, மின்சாரம் இல்லையா என்றே யாவரும் கேட்பார்கள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையில் நாம் தணிக்கைக்காகச் சென்ற ஒரு கூட்டுறவு சங்கத்தில் நூலும் இருந்தது, பாவும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. ஆயினும் 11 ஜக்கார்டு தறிகள் ஐந்து நாட்களாக நின்றிருந்தன. புதிய சேலைக்கரையின் டிசைனைப் போட்டு அட்டை குத்தக் கொடுக்க வேண்டிய டிசைன் அறையில், மூன்று கம்ப்யூட்டர்களிலும் டிசைன் மென்பொருள் திறக்க மறுத்துவிட்டது. "லைசென்ஸ் சர்வரை அடைய முடியவில்லை" என்ற ஒரே வாசகம் மூன்று திரைகளிலும் நின்றது.

பழுது சிறியதுதான். ஆனால் அதன் காரணம் தெரியாமற் போனதால் அந்த ஐந்து நாட்களுக்குள் சங்கம் பெரும் பணத்தை வீணே செலவிடவும், சட்ட விரோதமான காரியம் ஒன்றைச் செய்யவும், குற்றமற்ற ஓர் ஊழியரைத் தண்டிக்கவும் இருந்தது. இன்று பல சங்கங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை டொமைன் என்னும் ஒரே நிர்வாக அமைப்பின்கீழ் கொண்டுவருகின்றன. ஆகவே நாம் அங்கே கண்டதை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதை எழுதுகிறோம்.

லைசென்ஸ் சர்வர் என்பது யாது?

விவசாய அங்கத்தினர்களுக்கு ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சங்கத்தில் மருந்து தெளிக்கும் இயந்திரங்கள் மூன்று உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தினர் இருபது பேர். எவர் முதலில் வருகிறாரோ அவர் பண்டகசாலைப் பொறுப்பாளரிடம் பெயர் எழுதி ஒன்றை எடுத்துச் செல்வார். வேலை முடிந்ததும் திருப்பித் தருவார். மூன்றும் வெளியே இருந்தால் நான்காமவர் காத்திருக்க வேண்டும். விலையுயர்ந்த மென்பொருளையும் இவ்வாறே பொதுவில் வாங்குவதுண்டு. எத்தனை பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்கலாம் என்னும் கணக்கைக் காக்கும் பண்டகசாலைப் பொறுப்பாளரே லைசென்ஸ் சர்வர். நாம் கண்ட சங்கத்தில் அந்த வேலையைக் கணக்கர் அறையிலிருந்த ஒரு கம்ப்யூட்டர் செய்து வந்தது.

அங்கே இருந்தது, பொறியியல் மென்பொருள்களில் பரவலாக வழங்கும் ஃப்ளெக்ஸ்நெட் என்னும் லைசென்ஸ் முறை. இதில் இரண்டு வேலையாட்கள் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். முதலாமவர் வாசற் குமாஸ்தா. இவர் எப்போதும் ஒரே இலக்கத்தில் உட்கார்ந்திருப்பார். 27000 முதல் 27009 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றே இவருக்கு வழக்கம். கேட்டு வருபவரை விசாரித்து, "இன்ன இலக்க அறைக்குப் போங்கள்" என்று அனுப்புவது மட்டுமே இவர் வேலை. இரண்டாமவர்தான் உண்மையில் லைசென்ஸை எடுத்துக் கொடுப்பவர். மென்பொருளை விற்ற கம்பெனியின் பிரதிநிதி. நாம் ஓர் இலக்கத்தைக் குறித்துக் கொடுக்காவிட்டால், சர்வர் மறுபடி துவங்கும்போதெல்லாம் இவர் வேறொரு அறையில் அமரக்கூடும். நாம் கண்ட சிக்கலில் பாதி இதனுள்ளே ஒளிந்திருந்தது.

டொமைனுக்கு மாறியபோது நேர்ந்தது

முன்பு அந்தச் சங்கத்தின் ஏழு கம்ப்யூட்டர்களும் தனித்தனியே இயங்கின. ஒவ்வொன்றிலும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். கணக்கில் ஒழுங்கும் பாதுகாப்பும் வேண்டுமென்று நிர்வாகக் குழு அவற்றை ஒரே டொமைனில் சேர்க்கத் தீர்மானித்தது. தீர்மானம் சரியானதே, அதில் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயம் இல்லை. ஒரு சனி, ஞாயிறுக்குள் தொழில்நுட்பர் ஒருவர் வந்து வேலையை முடித்துச் சென்றார். திங்கட்கிழமை காலை சம்பளப் பட்டியல் திறந்தது. கடன் பேரேடு திறந்தது. டிசைன் மட்டும் திறக்கவில்லை.

நாம் சென்றபோது தலைவர் மூன்று யோசனைகளோடு இருந்தார். ஒன்று, கம்ப்யூட்டரின் பெயரை மாற்றியதால் லைசென்ஸ் செத்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்பது. இரண்டு, பூட்டை உடைத்த பிரதி ஒன்று நகரத்தில் கிடைக்கிறது, தீபாவளி வரையில் அதைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்று யாரோ சொன்னது. மூன்றாவது, டிசைன் போடும் பெண் எதையோ அழித்திருக்க வேண்டும் என்ற சந்தேகம். இதற்காக அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் கொடுக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது யோசனையைப் பற்றி உடனே ஒரு வார்த்தை சொன்னோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்ற பிரிவு உண்டு. களவுப் பிரதி என்று அறிந்தே ஒரு கம்ப்யூட்டர் மென்பொருளை உபயோகிப்பவருக்கு ஏழு நாட்களுக்குக் குறையாமலும் மூன்றாண்டு வரையிலும் சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமலும் 2 லட்சம் வரையிலும் அபராதமும் விதிக்க அது இடந்தருகிறது. பணம் கொடுத்து முறையாக வாங்கிய சொத்தைத் தேடிப் பாராமல் திருட்டுச் சொத்தை நாடுவது கூட்டுறவாளருக்கு அழகா? தலைவர் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டார்.

பிறகு அந்தப் பெண்ணை அழைத்து, "அம்மா, நடந்ததைச் சொல்லுங்கள்" என்றோம்.

"ஸார், வெள்ளிக்கிழமை மாலை மூடும்போது எல்லாம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரின் பெயர் மாறியிருந்தது; உள்ளே நுழைவதற்கு எனக்குக் கொடுத்த பெயரும் மாறியிருந்தது. நான் எதையும் தொடவில்லை, ஸார்" என்றார்.

அவருடைய பதிலில் நோயின் குறிகள் யாவும் இருந்தன. ஐந்து நாட்களாக அவரை மிரட்டியவர் உண்டே தவிர, கேட்டவர் இல்லை.

முதற் பரீட்சை: சொத்து இருக்கிறதா?

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் படித்தவர்களே தவிர, நாம் இதில் நிபுணர் அல்லோம். ஆகவே தொழில்நுட்பரை வரவழைத்து அவரோடு உட்கார்ந்தோம். எந்தத் தணிக்கையிலும் முதல் வேலை இருப்பைப் பார்ப்பது. சர்வராக உள்ள கம்ப்யூட்டரிலேயே லைசென்ஸ் நிலையைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தோம். "வழங்கியவை 3, உபயோகத்தில் 0" என்று பதில் வந்தது. மூன்றும் பத்திரமாக இருந்தன. எடுக்க வருபவர்தான் இல்லை.

பெயர் மாறினால் லைசென்ஸ் செத்துவிடும் என்ற பயம் ஏன் தவறு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அந்த லைசென்ஸ் கம்ப்யூட்டரின் பெயரோடு பிணைக்கப்படவில்லை. அதன் நெட்வொர்க் அட்டையில் பொறித்த அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தது. டொமைனில் சேர்ந்தாலும் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. லைசென்ஸ் கோப்பில் உள்ள கம்ப்யூட்டர் பெயரையும் போர்ட் இலக்கத்தையும் நாமே திருத்திக்கொள்ள அனுமதி உண்டு. அடையாள எண்ணைத் திருத்தினால் கோப்பு செல்லாததாகும். நெட்வொர்க் அட்டையையோ கம்ப்யூட்டரையோ மாற்றினால்தான் கம்பெனிக்கு எழுதிப் புதுக்கோப்பு பெற வேண்டும். ஆக, புதிதாக வாங்கும் யோசனையும் அங்கேயே முடிந்தது.

முதற் பழுது: பெயர்

டிசைன் கம்ப்யூட்டர்கள் சர்வரைத் தேடிய முகவரியைப் பார்த்தோம். 27000 என்ற இலக்கமும், அதன்பின் சர்வரின் பழைய பெயரும் இருந்தன. சனிக்கிழமையன்று சர்வருக்குப் புதுப்பெயர் சூட்டிவிட்டபடியால், இவை இல்லாத ஒருவரை அழைத்துக்கொண்டிருந்தன.

புதுப்பெயரை எழுதினோம். இரண்டு கம்ப்யூட்டர்கள் சர்வரை அறிந்துகொண்டன, மூன்றாவது அறியவில்லை. காரணம் இது: முன்பு எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே தெருவில் இருந்தவை போல, பெயர் சொல்லிக் கூவினால் கேட்கும். இப்போது டிசைன் அறை வேறொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. கூவும் குரல் ரௌட்டரைத் தாண்டாது. ஆகவே பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்ற பதிவேட்டைக் கேட்டே வழி அறிய வேண்டும். 1983-இல் வகுக்கப்பட்ட இந்த முறையே டொமைனுக்கும் ஆதாரம். ஆனால் மூன்றாவது கம்ப்யூட்டர், சங்கத்தின் பதிவேட்டைக் கேட்காமல், இன்டர்நெட் கம்பெனி வைத்த பெட்டியின் பதிவேட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஊர்ப் புறம்போக்கின் எல்லையை வெளியூர்க் கர்ணத்திடம் கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? கேட்குமிடத்தைத் திருத்தியதும் மூன்றும் சர்வரை அறிந்தன. எந்தப் பகுதியிலிருந்து கேட்டாலும் பிழை நேராதிருக்க, டொமைன் பெயரையும் சேர்த்து முழுப்பெயராகவே முகவரியை எழுதி வைத்தோம்.

இரண்டாம் பழுது: மதகு

பெயர் தெரிந்தும் கதவு திறக்கவில்லை. குறி எண் -15 என்று வந்தது. சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்பது அதன் பொருள். "பிங் கொடுத்தால் பதில் வருகிறதே!" என்று வியந்தார் மானேஜர். பிங் என்பது தெருமுனையிலிருந்து ஆள் இருக்கிறாரா என்று கேட்பது மட்டுமே. குறிப்பிட்ட அறையின் கதவு திறந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. சில இடங்களில் பிங்குக்குப் பதில் வராமலே மற்ற வேலைகள் நடப்பதும் உண்டு. ஆகவே 27000 என்ற போர்ட்டையே தனியாகத் தட்டிப் பார்த்தோம். சர்வரிலிருந்தே தட்டினால் திறந்தது. டிசைன் அறையிலிருந்து தட்டினால் அடைத்திருந்தது. இடையில் இருப்பது ஃபயர்வால்.

2007-இல் வெளிவந்த விஸ்டா தொடங்கி, விண்டோஸின் ஃபயர்வால் மூன்று தனித்தனி விதித்தொகுதிகளை வைத்திருக்கிறது: டொமைனுக்கு ஒன்று, தனி நெட்வொர்க்குக்கு ஒன்று, பொது இடத்திற்கு ஒன்று. கம்ப்யூட்டர் டொமைனில் சேர்ந்து அதன் தலைமைச் சர்வரைக் கண்டுகொண்டதும், தானாகவே முதல் தொகுதிக்கு மாறிவிடும். அந்தச் சங்கத்தில் முன்பு லைசென்ஸுக்காக எழுதிய விதிகள் யாவும் "தனி நெட்வொர்க்" தொகுதியில் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. விதி அழியவில்லை, ஆனால் செல்லாத ஏட்டில் இருந்தது. வாய்க்காலை வேறு பக்கம் திருப்பிய பிறகு பழைய மதகைத் திறந்து வைத்து என்ன பயன்?

தொழில்நுட்பர் 27000-க்கு டொமைன் தொகுதியில் புதுவிதி எழுதினார். வாசற் குமாஸ்தா பேசினார்; ஆனால் லைசென்ஸ் கிடைக்கவில்லை. இரண்டாவது ஆளை மறந்திருந்தோம் அல்லவா? அவர் அன்று எந்த அறையில் இருந்தாரோ, அந்த இலக்கம் அடைத்திருந்தது. "ஃபயர்வாலையே அணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, ஸார்" என்றார் தொழில்நுட்பர். நாம் சம்மதிக்கவில்லை. அங்கத்தினரின் கடன் கணக்கும் வைப்புக் கணக்கும் அதே நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒரு வயலுக்குத் தண்ணீர் விட ஏரிக்கரையை வெட்டுவார் உண்டோ? லைசென்ஸ் கோப்பில் கம்பெனிப் பிரதிநிதிக்கு நிலையான ஓர் இலக்கம் எழுதி, சேவையை நிறுத்தி மறுபடி துவக்கி, அந்த இரண்டு இலக்கங்களை மட்டும், டிசைன் அறைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் திறந்து விடச் செய்தோம்.

மூன்றாம் பழுது: ஆள்

அப்போதும் மென்பொருள் திறக்கவில்லை. ஆனால் குறி எண் மாறியிருந்தது: -39. நமக்கு உண்டான மகிழ்ச்சியைக் கண்டு தலைவர் திகைத்தார். எண் மாறியதே நற்செய்தி. -15 என்றால் வழியில் தடை. -96 என்றால் சர்வர் கம்ப்யூட்டர் பதில் தரவில்லை. -97 என்றால் கம்பெனிப் பிரதிநிதி இயங்கவில்லை. -4 என்றால் எல்லா லைசென்ஸும் வெளியே இருக்கின்றன. -9 என்றால் அடையாள எண் பொருந்தவில்லை. -39 என்றாலோ, "நீர் வந்து சேர்ந்துவிட்டீர், ஆனால் அனுமதிப் பட்டியலில் உம் பெயர் இல்லை" என்பதே. வழி முழுவதும் திறந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சில ஆண்டுகளுக்கு முன், கணக்குப் பிரிவினர் தவறுதலாக லைசென்ஸை எடுத்துவிடாதபடி, டிசைன் பிரிவினர் மூவரின் நுழைவுப் பெயர்களை மட்டும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். டொமைன் வந்தபோது மூவருக்கும் புதுப்பெயர் கிடைத்தது. அந்தப் பட்டியல் பழையபடியே இருந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக்கூட அந்தப் பட்டியல் சாதாரணமாகப் பொறுக்காது. புதுப்பெயர்களைப் பிழையின்றி எழுதி, சர்வரை மறுபடி படிக்கச் செய்தோம். பிற்பகல் மூன்றரை மணிக்கு முதல் கம்ப்யூட்டரில் சேலைக்கரையின் கட்டங்கள் திரையில் விரிந்தன. வாசலில் நின்றிருந்த முதிய நெசவாளர் ஒருவர், "அட்டை நாளைக்குக் கிடைக்குமா, தாயி?" என்று மட்டும் கேட்டார். "கிடைக்கும் தாத்தா" என்றார் அந்தப் பெண்.

யார் குற்றம்?

காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை மூன்றரைக்கு முடிந்தது. புதிதாக எதையும் வாங்கவில்லை. ஆனால் 11 தறிகள் ஐந்து நாட்கள் நின்றதால் போன 55 நாட் கூலி நெசவாளருடையது. அதைப் பழுது பார்க்கும் கட்டளை எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை.

தொழில்நுட்பர் சொன்னதும் உண்மையே: "ஸார், இங்கே லைசென்ஸ் சர்வர் ஒன்று இருப்பதாக யாரும் என்னிடம் சொல்லவில்லை." மானேஜருக்கு முன் இருந்தவர் அதை அமைத்தார், எழுதி வைக்காமல் ஓய்வு பெற்றார். எந்தக் கம்ப்யூட்டரில் எது ஓடுகிறது என்ற பட்டியல் அலுவலகத்தில் இல்லை. நிலத்திற்குப் பட்டாவும் தறிக்கு இருப்புப் பதிவேடும் வைக்கும் சங்கம், தறியை விட விலை கூடிய மென்பொருளுக்கு ஒரு தாள் கூட வைக்கவில்லை. குற்றம் அங்கேதான் இருந்தது. அன்று மாலையே கூடிய நிர்வாகக் குழு அந்த மெமோவைத் திரும்பப் பெற்று, ஊழியர்மீது தவறு இல்லை என்று நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு செய்தது. தலைவர் எல்லோர் முன்னிலையிலும், "அம்மா, தப்பு எங்களுடையது" என்றார். ஐந்து நாள் கூலியைப் பற்றிய கேள்வி அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கப்பட்டது.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

1. டொமைனுக்கு மாறுமுன், எந்த மென்பொருளின் லைசென்ஸ் எந்தக் கம்ப்யூட்டரில் உள்ளது, அதன் போர்ட் இலக்கங்கள் எவை, எந்த அடையாள எண்ணோடு பிணைந்தது, எவரெவருக்கு அனுமதி என்பதை ஒரு தாளில் எழுதித் தொழில்நுட்பரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும்.

2. லைசென்ஸ் சர்வராக உள்ள கம்ப்யூட்டரின் பெயரைக் கூடுமானவரை மாற்றாதிருக்க வேண்டும். மாற்றினால், அதைத் தேடும் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அன்றே மாற்ற வேண்டும்.

3. மாற்றும் வேலையைக் கொள்முதல் காலத்தில் வைத்துக்கொள்ளலாகாது. முதலில் ஒரே ஒரு டிசைன் கம்ப்யூட்டரை மாற்றி, மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்த பின்பே மற்றவற்றை மாற்ற வேண்டும்.

4. பழுது நேர்ந்தால் வரிசை தவறாமல் பார்க்க வேண்டும்: சர்வரில் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, பெயர் தெரிகிறதா, இரண்டு போர்ட்டுகளும் திறந்தனவா, ஆளுக்கு அனுமதி உண்டா? ஒவ்வொரு படியிலும் வரும் குறி எண்ணை எழுதி வைக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

5. ஃபயர்வாலை முழுவதும் அணைத்துப் பழுது பார்ப்பவரைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

பேரவைக் கூட்டத்தில் நூல் இருப்பையும் பாவு இருப்பையும் கேட்கும் அங்கத்தினர்கள், "நம் மென்பொருள் லைசென்ஸ் பதிவேடு எங்கே?" என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும். அந்த மென்பொருள் உங்கள் பங்குப் பணத்தில் வாங்கியது. அது திறவாத நாளில் நிற்பது உங்கள் தறி. ஆகவே கேட்பது உங்கள் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.